பதிவு போடுவது வேறு, பதில் சொல்வது வேறு: சிறு கடைக்காரரின் சமூக ஊடக நேரம்

போன ஆண்டு பங்குனியில் ஒரு மதியம். கோடைக்கு முன் ஆண்டுதோறும் மதுரையிலிருந்து வந்து ஏழெட்டுச் சேலைகளை மொத்தமாக எடுத்துப்போகும் அம்மா ஒருவர் கடைக்குள் வந்து நின்றிருக்கிறார். உதவிக்கு இருக்கும் பெண் சாயப் பட்டறைக்குப் போயிருந்தாள். நான் உள்ளறையில் தரையில் உட்கார்ந்து, காலையில் எடுத்த 40 விநாடி வீடியோவுக்குப் பொருத்தமான பாட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அடுத்த தெருக் கடைக்குப் போய்விட்டார். இரவு அவரே போன் செய்தார். "உள்ளே பாட்டுச் சத்தம் கேட்டதம்மா. ஏதோ வேலையாக இருக்கிறாய் என்று கிளம்பிவிட்டேன்" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எங்கள் கடை சின்னாளபட்டியில் இருக்கிறது. திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குப் போகும் வழியில், காந்திகிராமத்துக்குப் பக்கத்து ஊர். ஒரு காலத்தில் சின்னாளபட்டுக்குப் பேர்போன ஊர், இப்போது புள்ளி வைத்த பருத்திச் சேலையான சுங்குடிக்கும் பேர்போனது. கணவர் சாயப் பட்டறையைப் பார்த்துக்கொள்கிறார். கடை, கணக்கு, கூரியர், இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், வாட்ஸ்அப் எல்லாம் என் பொறுப்பு. முதலாளியே வேலையாளாகவும் இருக்கும் இத்தகைய கடைகளை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். இங்கே ஒருவர் போனைக் கையில் எடுத்தால் வேறு ஒரு வேலை நின்றுபோகும்.

மறுநாள் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு 40 பக்க நோட்டை வைத்தேன். கடைக்காக என்று சொல்லி போனை எடுக்கும்போதெல்லாம் எடுத்த நேரம், வைத்த நேரம், செய்த வேலை மூன்றையும் எழுதினேன். இரண்டு வாரம் விடாமல் எழுதிக் கூட்டிப் பார்த்தபோது நாளொன்றுக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம் வந்தது. மாதத்துக்கு 26 நாள் கடை என்றால் 78 மணி நேரம். எட்டு மணி நேரத்தை ஒரு நாள் வேலை என்று வைத்தால், ஏறக்குறைய பத்து நாள் வேலை. இதற்கு யாரிடமும் கூலி கேட்கவில்லை என்பதால் இத்தனை காலம் இது என் கண்ணில் படாமலே இருந்திருக்கிறது.

எழுதியதில் இன்னொன்றும் தெரிந்தது. அந்த மூன்று மணி நேரத்துக்குள் மூன்று வேறு வேலைகள் இருந்தன. ஒன்று ஆக்கும் வேலை: படம் எடுப்பது, வீடியோவை வெட்டிச் சேர்ப்பது, நாலு வரி எழுதுவது. இரண்டாவது பதில் சொல்லும் வேலை: விலை, நிறம், இருப்பு, கூரியர் எண், பணம் வந்துவிட்டதா என்ற விசாரணை. மூன்றாவதற்கு நோட்டில் "பார்வை" என்று பெயர் வைத்திருந்தேன். அடுத்த கடைக்காரர் என்ன போட்டிருக்கிறார், நேற்றைய பதிவை எத்தனை பேர் பார்த்தார்கள், இப்போது எந்தப் பாட்டு ஓடுகிறது என்று விரலால் தள்ளிக்கொண்டே போவது. ஒரு மணி நேரத்துக்கும் கூடுதலாகச் சாப்பிட்டது இந்த மூன்றாவதுதான்.

நேரத்தைச் சமாளிக்கச் சிறு கடைக்காரர்களிடம் சொல்லப்படும் வழிகள் பல உண்டு. அவற்றில் ஐந்தை நானே செய்து பார்த்தோ, பக்கத்தில் இருந்து பார்த்தோ அறிந்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் இந்த மூன்று வேலைகளோடு பொருத்தித்தான் எடைபோட வேண்டும் என்பது என் எண்ணம். ஆக்கும் வேலையைக் குறைக்கும் வழி ஒன்று பதில் சொல்லும் வேலையைக் கெடுத்துவிடக் கூடும். மொத்தமாக "நேரம் மிச்சம்" என்று சொல்லும்போது அது தெரிவதில்லை.

தோன்றும்போது நாமே போடுவது

பெரும்பாலோர் இருக்கும் இடம் இதுதான், நானும் நான்கு ஆண்டுகள் இப்படித்தான் இருந்தேன். காலையில் பட்டறையிலிருந்து புதுச் சேலை வரும், உடனே ஒரு படம், உடனே ஒரு பதிவு. இதில் உயிர் இருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். சாயத்தொட்டியிலிருந்து துணியைத் தூக்கும்போது எடுத்த ஒரு வீடியோவை, திட்டமிட்டு எடுத்த எதையும்விட அதிகம் பேர் பார்த்தார்கள்.

அன்றன்று மாறும் சரக்கு விற்பவருக்கு இந்த வழியே சரி. மீன் கடை, பூக்கடை, வீட்டில் மதியச் சாப்பாடு சமைத்துக் கொடுப்பவர், கேக் செய்பவர் எல்லோருக்கும் இன்று என்ன இருக்கிறது என்பதுதான் செய்தி. அதை நேற்றே எழுதி வைக்க முடியாது. எங்கள் சேலையோ இன்று இருப்பதுபோல் அடுத்த வாரமும் இருக்கும். அப்படியிருந்தும் தினமும் போடாவிட்டால் நம் கணக்கு யார் கண்ணிலும் படாமல் போய்விடும் என்ற பயத்தில்தான் நான் ஓடிக்கொண்டிருந்தேன்.

இந்த வழியின் பெரிய கேடு "பார்வை". பதிவு போட போனைத் திறக்கிறோம், போட்டுவிட்டு மூடுவதில்லை. ஒரு நாளைக்கு நான்கு முறை திறந்தால் நான்கு முறை உள்ளே இழுக்கப்படுகிறோம்.

வாரத்தில் ஒரு வேளை மொத்தமாகச் செய்து, நாள் குறித்து வைப்பது

நான் இப்போது இதைத்தான் செய்கிறேன் என்பதால் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு ஆரம்பம். எங்கள் வாசல் கிழக்குப் பார்த்தது. ஏழிலிருந்து ஒன்பது வரை வாசலுக்குள் விழும் வெளிச்சத்தில் சாயத்தின் நிறம் உள்ளபடி விழுகிறது. பத்து மணிக்கு மேல் நேர்வெயிலில் எடுத்தால் கிளிப்பச்சை வெளிறிப்போகிறது, அரக்கு சிவப்பாகத் தெரிகிறது. ஆறு சேலைகளை முதல் நாள் இரவே எடுத்து மடிப்புத் தெரியாமல் விரித்துப் போட்டுவிடுவேன். ஒவ்வொன்றுக்கும் எடுக்கும் படங்கள் நிலையானவை: முழு விரிப்பு, முந்தானை, கரை, புள்ளியின் நெருங்கிய தோற்றம், வெளிச்சத்துக்கு நேரே பிடித்துத் துணியின் அடர்த்தி. என்ன எடுப்பது என்று யோசிக்கத் தேவையில்லாததால் ஆறு சேலையும் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. முன்பு ஒரு சேலைக்கே முக்கால் மணி நேரம் ஆகும். சேலையை விரித்து மறுபடி மடித்து வைக்கும் நேரத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. கஞ்சி போட்ட பருத்திச் சேலையை மடிப்பவர்களுக்கு அந்த அருமை தெரியும்.

பிறகு ஒரு மணி நேரம் எழுத்து. இங்கேதான் நான் பெரிய பாடம் படித்தேன். சேலைப் பதிவில் விலையைப் போடாமல் "விலைக்குச் செய்தி அனுப்புங்கள்" என்று எழுதுவது எங்கள் தொழிலில் பரவலான பழக்கம். அப்படிச் செய்தால் நிறைய பேர் பேச வருவார்கள், அதில் சிலர் வாங்குவார்கள் என்பது கணக்கு. நோட்டைப் பார்த்தபோது பதில் சொல்லும் நேரத்தில் பெரும்பங்கு அந்த ஒரே கேள்விக்குப் போயிருந்தது. விலையைக் கேட்டுவிட்டு மறைந்துபோனவர்களே அதிகம். இப்போது விலை, நீளம், ரவிக்கைத் துணி உண்டா இல்லையா, கூரியர் செலவு, முடிச்சுப் போட்டுச் சாயமேற்றியதா அச்சில் புள்ளி வைத்ததா, எல்லாவற்றையும் பதிவிலேயே எழுதிவிடுகிறேன். வருகிற செய்திகள் குறைந்தன. வருபவர்கள் "இது இருக்கிறதா, எடுத்து வையுங்கள்" என்றே வருகிறார்கள். வேறு எந்த மாற்றமும் செய்ய உங்களுக்கு மனமில்லாவிட்டாலும் இதை ஒன்றையாவது செய்து பாருங்கள்.

நாள் குறித்து வைக்கத் தனியாகக் காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டியதில்லை. மெட்டா நிறுவனமே இலவசமாகத் தரும் மெட்டா பிசினஸ் சூட்டில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டுக்கும் ஒரே இடத்தில் நாளும் நேரமும் குறிக்கலாம், அந்த நேரத்தில் பதிவு தானாக வெளியாகும். தொழில்முறைக் கணக்காக மாற்றிக்கொண்டால் இன்ஸ்டாகிராம் செயலிக்குள்ளேயே 75 நாள் வரை முன்கூட்டிக் குறிக்க முடியும். நம்மைப் பின்தொடர்பவர்கள் எந்த நேரத்தில் அதிகமாக உள்ளே வருகிறார்கள் என்பதையும் அதே கணக்கு காட்டும். எங்களுக்கு அது இரவு ஒன்பது மணிக்கு மேல். அந்த நேரத்தில் நான் தோசைக்கல்லின் முன்னால் நிற்பேன். முன்பெல்லாம் அதனாலேயே மதியம் போட்டுவிட்டு, ஏன் யாரும் பார்க்கவில்லை என்று வருந்திக்கொண்டிருப்பேன்.

குறைகளும் உண்டு. முதல் மாதமே ஒரு சிக்கல் வந்தது. வியாழக்கிழமைக்குக் குறித்து வைத்த சேலை புதன்கிழமை கடையிலேயே விற்றுப்போனது. பதிவு வெளியானதும் பதினோரு பேர் கேட்டார்கள், பதினோரு பேரிடமும் இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. கைமுடிச்சுச் சேலையில் ஒன்றைப் போல இன்னொன்று அமையாது என்பதால் மாற்றாகக் காட்டவும் வழியில்லை. அன்றிலிருந்து ஒற்றைச் சேலைகளை நாள் குறித்து வைப்பதில்லை. அவை அன்றன்றே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் மட்டும் போகும். குறித்து வைப்பவை நாள்பட்டாலும் கெடாத சரக்கு: ஒரே வடிவத்தில் பல நிறம் இருக்கும் சேலைகள், முதல் அலசலைக் கல்லுப்பு போட்ட தண்ணீரில் தனியாகச் செய்யும் முறை, முடிச்சுப் போடும் கையின் வீடியோ, நிழலில் உலர்த்துவது ஏன் என்ற விளக்கம்.

இன்னொரு ஆபத்து மனம் சம்பந்தப்பட்டது. 2023 டிசம்பரில் தூத்துக்குடியும் திருநெல்வேலியும் வெள்ளத்தில் தவித்த நாட்களில், எனக்குத் தெரிந்த ஒரு கடையின் பக்கத்தில் பொங்கல் தள்ளுபடிப் பதிவு பூவும் கோலமுமாக வந்து நின்றது. எப்போதோ குறித்து வைத்தது அது. அந்தக் கடைக்காரர் கல்நெஞ்சர் இல்லை, மறந்துவிட்டார். அவருடைய வாடிக்கையாளர்கள் பலர் அந்த மாவட்டங்களில் இருந்தார்கள். நாள் குறித்து வைப்பவர் அதை நிறுத்தும் இடத்தையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். வீட்டில் இன்னொருவருக்கும் அது தெரிந்திருப்பது நல்லது.

வீட்டுப் பிள்ளையிடமோ உதவியாளரிடமோ ஒப்படைப்பது

"உன் பையன்தான் எந்நேரமும் போனில் இருக்கிறானே, அவனிடம் கொடுத்துவிடு" என்று அத்தை சொன்னார். பலரும் சொல்லும் யோசனை இது, ஓரளவு நல்ல யோசனையும்கூட. ரீல்ஸை வெட்டிச் சேர்க்கும் வேகத்தில் இருபது வயதுக்காரர்களுக்கு நான் ஈடாக மாட்டேன். நான் ஒரு மணி நேரம் முட்டிக்கொள்ளும் வேலையை மகன் பதினைந்து நிமிடத்தில் முடித்துவிடுகிறான்.

பதில் சொல்லும் வேலையையும் சேர்த்துக் கொடுத்தபோதுதான் இடித்தது. "சாயம் போகுமா?" என்று ஒருவர் கேட்டதற்கு, "போகவே போகாது" என்று எங்கள் கணக்கிலிருந்து பதில் போயிருந்தது. கையால் சாயமேற்றிய சுங்குடி முதல் அலசலில் கொஞ்சம் சாயம் விடும். கடைக்கு நேரில் வருகிற ஒவ்வொருவரிடமும் அதைச் சொல்லித்தான் நான் கொடுப்பேன். அந்த அம்மா வெள்ளைத் துணியோடு சேர்த்து ஊறவைத்துவிட்டார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம், ஆனால் அவருடைய நம்பிக்கையைத் திருப்பி வாங்க முடியவில்லை. தவறு மகனுடையது என்று சொல்ல மாட்டேன். பட்டறையில் ஒரு நாள்கூட நிற்காதவனிடம் சாயத்தைப் பற்றிப் பேசச் சொன்னது நான்தான்.

அதனால் இந்த வழியை எடுப்பவர்கள் ஆக்கும் வேலையைக் கொடுங்கள், பதில் சொல்லும் வேலையை உடனே கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் முதலில் வழக்கமான இருபது கேள்விகளுக்கு உங்கள் வாயால் சொல்லும் பதிலையே எழுதிக் கொடுங்கள். கடைகளுக்கென்றே இருக்கும் வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் விரைவுப் பதில் என்று ஒரு வசதி இருக்கிறது. 50 பதில்கள் வரை சேமித்து வைத்து, இரண்டு எழுத்தைத் தட்டினால் முழுப் பதிலும் வந்து விழும்படி செய்யலாம். அந்தப் பட்டியலில் இல்லாத கேள்வி வந்தால் "அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்பதுதான் பதில். ஒரே வாட்ஸ்அப் கணக்கை முதன்மை போன் தவிர நான்கு கருவிகளில் இணைக்கலாம் என்பதால் போனைக் கைமாற்றிக்கொண்டிருக்கும் தேவையும் இல்லை.

பிள்ளை என்பதற்காகச் சும்மா வேலை வாங்காதீர்கள் என்பதையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மாதம் ஒரு தொகையைக் கையில் கொடுத்தால் அது வேலையாக நடக்கும். இல்லாவிட்டால் நினைத்தால் நடக்கும், தேர்வு வந்தால் நின்றுபோகும், கேட்டால் மனத்தாங்கல்தான் மிஞ்சும்.

வெளியாருக்குக் காசு கொடுத்துச் செய்வது

இதை மூன்று மாதம் செய்து பார்த்தோம். மாதத்துக்கு இத்தனை பதிவு, இத்தனை ரீல்ஸ் என்று ஒப்பந்தம். படங்களை நாம் எடுத்து அனுப்ப வேண்டும் என்பது பணம் கட்டிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. ஆக, வெளிச்சம் பார்த்துச் சேலையை விரிப்பதும் மடிப்பதும் என்னிடமே இருந்தன. அனுப்பிய படங்களை அழகுபடுத்துகிறோம் என்று வெளிச்சத்தைக் கூட்டினார்கள். கடுகு மஞ்சள் பொன் மஞ்சளாக மாறியது. "படத்தில் பார்த்த நிறம் இல்லை" என்று இரண்டு சேலைகள் திரும்பி வந்தன. மீதிப் பதிவுகள் ஒவ்வொரு சிறப்பு நாளுக்கும் ஒரு வாழ்த்துப் படம். எங்கள் கடைப் பெயரை எடுத்துவிட்டு எந்தக் கடைப் பெயரைப் போட்டாலும் பொருந்தும் படங்கள் அவை.

வெளியார் எல்லோரும் இப்படித்தான் என்று சொல்ல வரவில்லை. திருப்பூரில் பின்னலாடை விற்கும் உறவினர் ஒருவருக்கு மூன்று கிளைகள். மாதாமாதம் விளம்பரத்துக்கே தனித் தொகை ஒதுக்குகிறார். எந்த விளம்பரத்துக்கு எத்தனை ஆர்டர் என்று உட்கார்ந்து பார்க்க ஆள் வேண்டும், அதற்கு அவர் காசு கொடுக்கிறார், அந்தக் காசு அவருக்குத் திரும்பி வருகிறது. எங்களைப் போல மாதம் சில ஆயிரம் ரூபாய்க்குள் நிற்பவர்களுக்கு அந்தக் கணக்கு உதைக்கும். விளம்பரத் தொகைக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் போகிறது என்பதையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

எடுப்பதானால் ஒன்றில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். ஃபேஸ்புக் பக்கத்தையும் இன்ஸ்டாகிராம் கணக்கையும் உங்கள் எண்ணிலும் உங்கள் மின்னஞ்சலிலும் நீங்களே தொடங்குங்கள். கடவுச்சொல்லை யாரிடமும் சொல்ல வேண்டாம். மெட்டா பிசினஸ் சூட்டில் பதிவு போட மட்டும், விளம்பரம் பார்க்க மட்டும் என்று தனித்தனியாக அனுமதி கொடுக்க வழி இருக்கிறது, வேண்டாதபோது எடுத்துவிடலாம். உள்ளே நுழையக் கடவுச்சொல்லோடு கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பு எண் உங்கள் போனுக்கு வரும்படி இருக்கட்டும். ஒப்பந்தம் முடிந்த பிறகு தங்கள் பக்கத்துக்குள்ளேயே நுழைய முடியாமல் நின்ற கடைக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். ஐந்தாறு ஆண்டுகள் சேர்த்த வாடிக்கையாளர்களை அப்படி இழப்பது கடை எரிந்துபோவதற்குச் சமம்.

எல்லாவற்றையும் குறைத்துக்கொண்டு வாட்ஸ்அப்போடு நிற்பது

வத்தலக்குண்டுப் பக்கம் செக்கு எண்ணெய் விற்கும் தோழி ஒருத்தி இன்ஸ்டாகிராமே வைத்துக்கொள்ளவில்லை. வாங்கியவர் எண் ஒவ்வொன்றையும் சேமித்து, ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாகக் கொண்டுசேர்க்கும் வாட்ஸ்அப் ஒளிபரப்புப் பட்டியலில் மாதம் இரண்டு முறை செய்தி அனுப்புகிறாள். நல்லெண்ணெய் ஆட்டும் நாள், கடலை எண்ணெய் விலை, அவ்வளவுதான். எண்ணெய் தீர்ந்தால் மறுபடி வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதால் பழைய வாடிக்கையாளரே அவளுக்குப் போதும். அவளுடைய சமூக ஊடக நேரம் நாளுக்கு அரை மணிக்குக் கீழே.

ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். நம் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போய்ச்சேரும், பலருக்கு இது தெரியாது. அதனால் ஒவ்வொரு பார்சலிலும் "எங்கள் எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு துண்டுச்சீட்டு வைக்க வேண்டும், கடைக்கு வருபவரிடம் நேரிலும் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப் பிசினஸில் கேட்டலாக் என்ற பொருள் பட்டியலில் 500 பொருள் வரை விலையோடு போட்டு வைக்கலாம். கடை மூடிய நேரத்துக்குத் தானாகப் போகும் பதில் ஒன்றை எழுதி வைத்தால், இரவு பதினொன்றரை மணிக்கு வரும் கேள்விக்கு எழுந்து உட்கார வேண்டியதில்லை.

இதோடு சேர்த்து, தெருவில் கடை இருப்பவர்கள் ஒரு மதியத்தைக் கூகுள் பிசினஸ் புரொஃபைலுக்கு ஒதுக்கிவிடுங்கள். அதுவும் இலவசம். கடையின் இடம், திறக்கும் நேரம், பத்துப் படம், போன் எண். கொடைக்கானல் போகிற வழியில் சேலை வாங்கலாம் என்று நினைக்கும் குடும்பம் ரீல்ஸில் தேடுவதில்லை, வரைபடத்தில்தான் தேடுகிறது. ஒரு முறை செய்துவிட்டால் மாதத்துக்குப் பத்து நிமிடம் போதும். செலவழித்த நேரத்துக்குக் கிடைத்த பலனை வைத்துப் பார்த்தால், நான் செய்ததிலேயே இதற்குத்தான் முதல் இடம் கொடுப்பேன்.

வாட்ஸ்அப் மட்டும் என்ற வழி புது ஆளைக் கொண்டுவராது. சேலை எண்ணெயைப் போலத் தீர்ந்துபோகும் பொருள் இல்லை. ஆண்டுக்கு ஒரு முறை வாங்குபவர்களை வைத்து மட்டும் எங்களால் பட்டறையை ஓட்ட முடியாது. பெங்களூரிலிருந்தும் புணேயிலிருந்தும் சுங்குடி தேடி வருபவர்கள் ரீல்ஸ் பார்த்துத்தான் வந்தார்கள்.

எந்த வழியானாலும் ஒரே தளத்தின் மேல் முழுப் பாரத்தையும் வைப்பது பயமாகத்தான் இருக்கிறது. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உட்பட 59 செயலிகளை அரசு தடை செய்தபோது, அதில் மட்டுமே வாடிக்கையாளரைச் சேர்த்திருந்தவர்கள் ஒரே இரவில் வெறுங்கையாக நின்றார்கள். 2021 அக்டோபர் 4 இரவு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் சேர்ந்தே முடங்கின. வாடிக்கையாளரின் பெயர், எண், ஊர், என்ன வாங்கினார் என்ற விவரத்தைத் தனியாக ஒரு பேரேட்டில் எழுத நாளுக்குப் பத்து நிமிடம் ஆகிறது. அந்தப் பத்து நிமிடத்தை நான் எதற்காகவும் விட்டுக்கொடுப்பதில்லை.

எங்கள் முடிவு

இவற்றில் ஒன்றை முழுதாக எடுத்துக்கொள்ளாமல் வேலையைப் பிரித்தோம். ஆக்கும் வேலை செவ்வாய்க்கிழமை காலை மட்டும். வெட்டிச் சேர்ப்பது மகன், மாதச் சம்பளத்தோடு. பதில் சொல்வது நான் மட்டும், காலை பதினோரு மணிக்கு அரை மணி நேரம், இரவு எட்டரைக்கு அரை மணி நேரம். இடையில் வருபவருக்கு, எத்தனை மணிக்குப் பதில் வரும் என்று தானாகச் செய்தி போய்விடும். "நேரம் சொல்லிவிட்டீர்கள், அதனால் காத்திருந்தேன்" என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். மனிதர்கள் தாமதத்தைப் பொறுத்துக்கொள்கிறார்கள், எவ்வளவு தாமதம் என்று தெரியாமல் இருப்பதைத்தான் பொறுப்பதில்லை. "பார்வை"க்கு போனிலேயே ஒரு கட்டுப்பாடு வைத்தேன். ஆண்ட்ராய்டு போனின் அமைப்புகளுக்குள் ஒவ்வொரு செயலிக்கும் நாளுக்கு இத்தனை நிமிடம் என்று வரம்பு வைக்கலாம். இன்ஸ்டாகிராமுக்கு 35 நிமிடம் கொடுத்திருக்கிறேன். முதல் வாரம் மூன்று முறை வரம்பை நானே நீட்டினேன். பிறகு பழகிவிட்டது. காசு கொடுத்துப் போடும் விளம்பரம் ஆண்டுக்கு இரண்டே முறை, மாசிக் கடைசியிலும் தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பும்.

இப்போது நாளுக்குச் சராசரியாக ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. பாதி மிச்சம். இழந்ததும் உண்டு. விருப்பக்குறிகள் குறைந்தன, பின்தொடர்பவர்கள் கூடும் வேகம் குறைந்தது. பங்குனி, சித்திரை விற்பனை குறையவில்லை. ஐப்பசியில் கொஞ்சம் குறைந்தது. விடாத மழையில் சாயம் காயாமல் புதுச் சேலை வராததும் காரணமாக இருக்கலாம், பதிவுகள் குறைந்ததும் காரணமாக இருக்கலாம், எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

எங்கள் வழியை அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். முதலில் இரண்டு வாரம் நோட்டு எழுதுங்கள். "பார்வை" அதிகமாக இருந்தால் ஆள் வைத்தும் பயனில்லை, வரம்பு வைத்தாலே போதும். ஆக்கும் வேலை அதிகமாக இருந்தால் ஒரு வேளைக்குள் அடக்கிப் பாருங்கள். பதில் சொல்லும் வேலை அதிகமாக இருந்தால் பதிவில் எதையெல்லாம் எழுதாமல் விடுகிறீர்கள் என்று தேடுங்கள். விலையும் கூரியர் செலவும் எழுதிய பிறகும் செய்திகள் குவிந்தால் அது விற்பனை, அதற்கு ஆள் வைப்பது நியாயம்தான். கேக் செய்யும் பக்கத்து வீட்டுத் தங்கை இதே நோட்டை எழுதிப் பார்த்துவிட்டு, தினமும் தானே போடுவதையே வைத்துக்கொண்டாள். அவளுக்கு அதுவே பொருந்துகிறது.

மாற்றத்தைத் தொடங்கும் மாதத்தையும் கொஞ்சம் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். வியாபாரம் சூடாக இருக்கும்போது புது முறைக்குக் கை பழகாது, ஒரு ஆர்டர் தவறினாலும் பழைய முறைக்கே ஓடிவிடுவோம். எங்களுக்கு மார்கழி ஏற்றதாக இருக்கிறது: முகூர்த்தம் இல்லை, வெயில் தொடங்கவில்லை, கடையில் கூட்டமில்லை. உங்கள் தொழிலில் அப்படி ஒரு மந்தமான மாதம் எது என்று உங்களுக்கே தெரியும். அதற்கு முந்தைய மாதமே நோட்டை வாங்கி வைத்துவிடுங்கள்.